கத்தாதே!

‘கத்தாதே!’ லேபர் வார்டுக்குள் காலெடுத்து வைக்கிற நம் பெண்களின் காதில் விழுகிற முதல் வார்த்தை இதுதான். ‘உன் பேர் இன்னாம்மா’ என்பதுகூட அதற்கப்புறம்தான்.

1996இல் எனக்குத் தலைப்பிரசவம். பம்மலிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். எந்த ஆசுபத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஆசுபத்திரியின் குறையாக விஷயம் சுருங்கிவிடும். வாசலோடு அம்மாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டிலில் ரெண்டு பேர். எனக்கு முன்னாடி வந்த ஒரு பெண், அனகாபுத்தூர் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், சுவரைப் பார்த்தபடி முனகிக்கொண்டு கிடந்தாள். டிரிப்ஸ் போட்டு அதில் ஏதோ ஊசியைக் கலந்தார்கள். என்ன ஊசி என்று கேட்டேன். ‘ஏன், நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?’ அரைமணி நேரத்தில் வலி, அலை மேல் அலையாக இல்லை, மூச்சு விட இடமே கொடுக்காமல் ஒரே அடியாக வந்தது. கத்தினேன். தொடையில் ஒரு அறை விழுந்தது. ‘படுக்கும்போது மட்டும் இனிச்சிச்சா?’

இந்த வசனத்தை நான் மட்டும் கேட்கவில்லை. என் அண்ணி கேட்டிருக்கிறாள், எதிர்வீட்டு அக்கா கேட்டிருக்கிறாள். நாகல்கேணியில் தோல் கம்பெனிக்குப் போகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரே வசனம், வேற வேற ஆசுபத்திரி, வேற வேற வருஷம். யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த மாதிரி.

இப்போது பேச வந்தது வேற. போன மாசம் எங்கள் தெருப்பெண் ஒருத்தி, ஏழு மாசம், செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பிரசவப் பயிற்சி வகுப்பாம். பெரிய தனியார் ஆசுபத்திரி. மூச்சுப் பயிற்சி, பெரிய ரப்பர் பந்து மேல் உட்காரும் பயிற்சி, புருஷன் முதுகு நீவிவிடப் பயிற்சி. ‘பயம் போனால் வலி போகும்’ என்கிற மாதிரி ஒரு வாசகம். கட்டணத்தைப் பார்த்தால் அவள் புருஷனுக்கு அரை மாசச் சம்பளம். ‘அக்கா, நெசமாவே வலிக்காதா?’ என்றாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலைவிட நீளமான பதில் இது.

அந்த வாசகத்தின் பூர்வீகத்தை முதலில் பார்த்துவிடுவோம், தோழர்களே. இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்று ஒரு டாக்டர். இளைஞராக இருக்கும்போது லண்டனின் ஒயிட்சேப்பல் சேரிப்பகுதியில், மழை ஒழுகுகிற ஒரு குடிசையில் பிரசவம் பார்க்கப் போனார். மயக்கமருந்து தருகிறேன் என்றார். அந்த ஏழைப்பெண் வேண்டாம் என்றுவிட்டாள். சத்தமில்லாமல் பெற்றாள். பிறகு ஏன் மறுத்தாய் என்று கேட்டபோது, வலிக்கவில்லையே, வலிக்கணும்னு கட்டாயமா என்ன என்கிற பாணியில் அவரையே திருப்பிக் கேட்டாளாம். அதிலிருந்து அவர் ஒரு தத்துவம் செய்தார்: பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தைக் கூட்டுகிறது. இந்த வட்டத்தை வெட்ட வேண்டுமானால் முன்கூட்டியே பெண்ணுக்குச் சொல்லிக்கொடு. 1933இல் ஒரு புத்தகம், 1942இல் இன்னொன்று.

இதில் உண்மை இல்லாமலில்லை. பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்கவைக்கிற ஆக்சிடோசினுக்கு அது இடைஞ்சல். இருட்டில் ஆள் நடமாட்டம் கேட்டால் ஈனுகிற ஆடு எழுந்து நின்றுவிடும், ஈனுவதை நிறுத்திவிடும். ஆடு மேய்த்த நம்ம ஆயாக்களுக்கு இது தெரியும்.

ஆனால் அந்த டாக்டருடைய தத்துவத்துக்குள் ஒரு விஷம் இருந்தது. ‘பூர்வகுடிப் பெண்கள்’ வேலைக்கு நடுவில் புதர் மறைவில் பெற்றுவிட்டு, வலியே இல்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்று அவர் நம்பினார். நாகரிகம் அடைந்த வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்தான் பயப்படுகிறாள், பயத்தால் பிள்ளை பெறத் தயங்குகிறாள், அவளைப் பெறவைக்க வேண்டும் என்பது அவர் கவலை. அதாவது பயமும் வலியும்கூட மேல்தட்டுக்குச் சொந்தமான நுண்ணுணர்வு. கீழே கிடக்கிறவளுக்குத் தோல் தடித்திருக்கிறது!

இந்தக் கதை நமக்குப் புதுசா? ‘நாத்து நடப் போன எடத்துல வரப்போரமா பெத்துப் போட்டுட்டு, மறுபடி எறங்கி நட்டாளாம்’ என்று ஆண்டைகள் வீட்டுத் திண்ணையில் பெருமையாகப் பேசுவார்களே, அதே கதை. புகழ்ச்சி மாதிரி இருக்கும். அவள் ஏன் மறுபடி வயலில் இறங்கினாள்? கூலி போய்விடும் என்று இறங்கினாள். வலிக்கவில்லை என்று யாரும் அவளிடம் கேட்டு எழுதவில்லை. நம் உடம்பை ‘உறுதி’ என்று புகழ்வது நம் வலிக்கு மருந்து தராமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு கத்தியோடு வந்தது. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்ட மேரியன் சிம்ஸ், 1845 முதல் 1849 வரை அலபாமாவில், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள்மேல் மயக்கமருந்து இல்லாமல் சோதனை அறுவைகள் செய்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பேர் பெயர் மட்டும் நமக்குக் கிடைக்கிறது. அனார்க்கா என்கிற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அந்த ஆளின் சிலையை 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள். பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்கார மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற ஏதாவது ஒரு பொய்யை உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள். இங்கே சாதியை வைத்து அப்படி ஒரு கேள்வித்தாள் கொடுத்தால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்புக்கு வருவோம். இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கப்படுகிற ‘லமாஸ்’ முறை எங்கே பிறந்தது தெரியுமா? சோவியத் ரஷ்யாவில். போருக்குப் பிந்திய பஞ்சத்தில் வலிமருந்துக்குத் தட்டுப்பாடு. பாவ்லோவின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, சொல்லால் ஏறிய பயத்தைச் சொல்லால் இறக்கலாம் என்று கார்கோவிலும் லெனின்கிராடிலும் டாக்டர்கள் வேலை செய்தார்கள். 1951இல் அதைப் பார்க்கப் போன பிரெஞ்சு டாக்டர் ஃபெர்னான் லமாஸ், திரும்பி வந்து பாரீசில் தொடங்கிய இடம், இரும்பு உருக்குத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனை. ஆமாம், தொழிற்சங்க ஆசுபத்திரி! தொழிலாளியின் பெண்சாதிக்கு, கர்ப்பப்பை எப்படிச் சுருங்குகிறது, வாய் எப்படித் திறக்கிறது என்று படம் போட்டு விளக்கினார்கள். அப்புறம் அது அமெரிக்காவுக்குப் போய், நடுத்தர வர்க்கத்தின் கைக்கு மாறி, சரக்காகி, இப்போது சென்னைக்கு விளம்பரமாக வந்து சேர்ந்திருக்கிறது. தொழிலாளியிடமிருந்து எடுத்ததைத் தொழிலாளிக்கே வாங்க முடியாத விலைக்கு விற்கிற வித்தையை முதலாளித்துவத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த வகுப்பு வேலை செய்கிறதா? இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். வகுப்புக்குப் போன பெண்களுக்குப் பயம் குறைந்தது என்று துருக்கி, ஈரான் போன்ற நாடுகளில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. வலி? 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் தலைப்பிரசவக்காரிகள் 1087 பேரை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூச்சுப் பயிற்சியோடு இயற்கைப் பிரசவ வகுப்பும், மறுபாதிக்குச் சாதாரண வகுப்பும் நடத்தினார்கள். முதுகுத்தண்டில் போடுகிற வலிமருந்து ஊசி கேட்டவர்கள் ரெண்டு பக்கமும் நூற்றுக்கு 52. பிரசவ அனுபவத்தைக் கேட்டதிலும் வித்தியாசமில்லை. உலகத்து ஆய்வுகளைச் சலித்து எடுக்கிற காக்ரேன் குழு 2007இல் 9 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பொதுவான வகுப்புகளின் பலன் என்னவென்று இன்னும் சொல்ல முடியாது என்றுதான் எழுதியது.

ஆனால் அதே குழு 2017இல் வேறொன்றைப் பார்த்தது. வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை பக்கத்திலேயே ஒரு ஆள் இருந்தால்? 17 நாடுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, வலிமருந்துத் தேவை குறைகிறது, மோசமான அனுபவம் என்று சொல்கிறவர்கள் குறைகிறார்கள். மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்ததைவிடக் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்தது பெரிசாக இருந்திருக்கிறது. வாசலோடு என் அம்மாவை நிறுத்தியது எனக்கு எத்தனை மணிநேர வலியாக வந்தது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

நம் பெண்களின் பயம் அறியாமையிலிருந்து வரவில்லை. ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் பயப்படுகிறாள். அக்கா சொல்லியிருக்கிறாள், அத்தை சொல்லியிருக்கிறாள். ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு, பெண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு. வீல்சேர் தள்ள, துணி மாற்ற, பிள்ளையை வெளியே காட்ட எல்லாத்துக்கும் காசு. கேட்காமலே காப்பர்-டி மாட்டிவிடுவார்கள் என்ற பயம். அட்டையில் முகவரியைப் பார்த்த பிறகு குரல் மாறுவதைக் கண்ட பயம். இதெல்லாம் மூச்சுப் பயிற்சியில் போகுமா?

1995 வாக்கில் சென்னையிலும் கடற்கரையோரம் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கி, ஏழைப் பெண்களின் பிரசவத்தை ஆராய்ந்த செசிலியா வான் ஹாலன் என்கிற மானுடவியல்காரர், 2003இல் அதைப் புத்தகமாக எழுதினார். வலியை முடுக்கும் ஊசியை அரசு ஆசுபத்திரிகளில் வழக்கமாகப் போட்டார்கள், ஆனால் வலியைக் குறைக்கும் மருந்து தரவில்லை என்று அதில் பதிவாகியிருக்கிறது. திட்டும் அறையும் லஞ்சமும் சம்மதம் கேட்காமல் மாட்டிய கருத்தடைச் சாதனமும் அதில் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது, நம்மைச் சங்கடப்படுத்துவது: பெண்களே ‘வலி ஊசி போடுங்க’ என்று கேட்டார்கள். வலி என்பது சக்தி, வலி வந்தால்தான் பிள்ளை வரும், இந்தக் காலத்து உடம்புக்கு வலி போதவில்லை என்ற நம்பிக்கை. இதை மூடத்தனம் என்று ஒதுக்கலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீக்கிரம் பெற்றால் சீக்கிரம் வெளியே போகலாம், அந்தக் கட்டிலிலிருந்து தப்பிக்கலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்திருக்கும். நானும் மூணாவது மணிநேரத்தில் ‘இன்னொரு ஊசி போட்டாவது முடிங்க’ என்றுதான் கெஞ்சினேன்.

அப்போது எனக்குச் சிலது தெரிந்திருந்தால்? கருப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும், தலைப்பிரசவத்தில் அதற்கு நேரமாகும், அது நோயில்லை என்று தெரிந்திருந்தால்? மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை என்பதற்காக மட்டும் வலியை முடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. 5 செ.மீ.க்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது, தலைப்பிரசவத்தில் அதற்கப்புறமும் 12 மணிநேரம் வரை ஆகலாம் என்றும் சொன்னது. மல்லாக்கக் கிடந்துதான் பெற வேண்டும் என்பதில்லை, நடக்கலாம், உட்காரலாம், குந்தலாம். எல்லாருக்கும் வாயிலைக் கிழித்துத் தைக்க வேண்டியதுமில்லை. இதைத் தெரிந்துகொண்டால் வலி போய்விடாது. ஆனால் எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்து வலிப்பது வேற, என்னமோ நடந்து சாகப் போகிறேன் என்று வலிப்பது வேற.

தமிழ்நாட்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆசுபத்திரியில். லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் சாவு என்பது 2018-20 கணக்கு, இந்தியாவுக்கு 97. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் திட்டம். பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுவதும் இங்கே 2000களின் நடுவிலேயே தொடங்கியது. மத்திய அரசு 2016இல்தான் ஒப்புக்கொண்டது. உத்தரவு இருக்கிறது. ஆனால் ‘இடமில்ல, வெளிய நில்லு’ என்ற குரலும் இருக்கிறது. அந்த உத்தரவைப் பற்றி என் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டேன். ரெண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடக்கிறது, பார்த்திருப்பீர்கள். வரிசையாக உட்காரவைத்து வளையல், சந்தனம், அஞ்சு வகைச் சாதம். அதைக் கேலி பேச மாட்டேன். சாதி வித்தியாசமில்லாமல் பக்கத்து பக்கத்தில் உட்காரவைத்து நம் பெண்ணுக்கு வளையல் போடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் மைக்கில் என்ன பேசுகிறார்கள்? கீரை சாப்பிடு, இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாதே, ரெண்டோடு நிறுத்து. எல்லாம் அவள் கடமை. வலி என்ற சொல் வராது. உன்னோடு ஒரு ஆள் உள்ளே வரலாம் என்ற வரி வராது. கேட்காமல் ஊசி போடக் கூடாது என்பது வரவே வராது. பிள்ளையைச் சுமக்கிற பாத்திரத்துக்கு அறிவுரை, சுமக்கிற மனுசிக்கு ஒண்ணுமில்லை.

சிசேரியன் கதை தனி. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9. தனியாரில் 63.8, அரசு ஆசுபத்திரியில் 36. ‘வலி தாங்க மாட்டேன், அறுத்துடுங்க’ என்று பெண்களே கேட்பதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எதைப் பார்த்து ஓடி கத்திக்கடியில் போய்ப் படுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டாமா?

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கூட்டம், ஆசுபத்திரியே வேண்டாம், வீட்டிலேயே பாட்டி முறையில் பெறுவோம் என்று கிளம்பும். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு இளம்பெண் ரத்தப்போக்கில் செத்துப்போனார். என் பாட்டியும் ஊரில் அப்படித்தான் போனாள், நஞ்சு விழாமல். கலப்பில்லாத பொற்காலம் எதுவும் நமக்குப் பின்னால் இல்லை. மருத்துவச்சியைக் கும்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். பல ஊர்களில் நாவிதர் சமூகத்துப் பெண்ணும் பல ஊர்களில் நம் பெண்ணும்தான் தொப்புள்கொடி அறுத்தார்கள். ரத்தம் தீட்டு, ஆகவே அதைத் தொடுவது கீழ்ச்சாதி வேலை. பிள்ளையை வாங்கிய கைக்குப் பின்வாசலில் அரிசியும் பழந்துணியும். அந்தக் கைக்கு இருந்த அறிவு, இடுப்பை நீவுகிற, ‘சூட்டு வலிதாண்டி, சீரகக் கஷாயம் குடிச்சிப் படு’ என்று தைரியம் சொல்கிற அறிவு, ஆசுபத்திரி வந்ததும் குப்பைக்குப் போனது. தீட்டு மட்டும் போகவில்லை. அதைத் துடைக்கிற வேலைக்கு இன்றும் ஒப்பந்தக் கூலியாக யார் நிற்கிறார்கள் என்று வார்டில் போய்ப் பாருங்கள். நம்மை அறைகிற ஆயாம்மாவும் பல நேரம் நம் தெருக்காரிதான். மேலேயிருந்து விழுகிற மிதியைக் கீழே இறக்கிவிடுகிறாள். சாதி இப்படித்தான் படிப்படியாக வேலை செய்கிறது.

ஆண் தோழர்களிடம் ஒரு வார்த்தை. இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர், ‘இது பொம்பளைங்க சமாச்சாரம், பத்திரிகைல பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்குன்னு எவ்வளவோ இருக்கே’ என்றார். 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறுச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆலையில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும், கூலி வேண்டும் என்று. 1938இல் கருத்தடை வசதி கேட்டுத் தீர்மானம் தயாரித்தவரும் அவரே. அவருடைய கட்சிக்காரர் ரோஹம் அதைச் சபையில் கொண்டுவந்தார், தோற்றது. அவருக்குப் பொம்பளைங்க சமாச்சாரமாகத் தெரியாதது நமக்கு எப்படித் தெரிகிறது?

நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாகல்கேணி பக்கம் ஒரு வீட்டு மாடியில், கர்ப்பிணிப் பெண்கள் ஆறு பேர், பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர், ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருத்தர். தலையணை உறையில் ஒரு பொம்மையைப் போட்டு, வாய் எப்படித் திறக்கிறது என்று நர்சம்மா காட்டினார். சுருக்குப்பை மாதிரி என்றதும் எல்லாருக்கும் புரிந்துபோனது. எந்த ஊசி எதுக்கு, எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்பட வேண்டாம் என்று கேள்வி மேல் கேள்வி. கால் வீங்கித் தலைவலித்தால், பனிக்குடம் உடைந்து பச்சையாகத் தண்ணி வந்தால், வயித்தில் அசைவு குறைந்தால் காத்திருக்காமல் கிளம்பு என்பதை மூணு தரம் சொன்னார். அப்புறம் சாய்பாபா காலனிப் பக்கம் இருந்து வந்த ஒரு அத்தை, தன் நாலு பிரசவத்தையும் நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு வலியே வந்துவிடுமோ என்று பயந்தோம்.

பிறகு ஒத்திகை. ஒருத்தி வார்டுக்காரியாக நின்று ‘வெளிய போ’ என்று அதட்ட, மாமியாரோ அம்மாவோ யார் துணையோ அவர், ‘கூட ஒரு பொம்பள இருக்கலாம்னு கவர்மெண்டு சொல்லியிருக்கும்மா, நான் ஓரமா நிக்கிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். கேட்க எளிது. முதல் தபா ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. விளையாட்டு என்று தெரிந்தும் தலை குனிந்துகொண்டார்கள். நாலாவது தபாதான் சத்தமே வந்தது.

விளம்பரத்தைக் காட்டிய அந்தத் தெருப்பெண்ணும் வந்திருந்தாள். போன வாரம் அவளுக்குப் பிறந்தது, அரசு ஆசுபத்திரியில், சுகப்பிரசவம், பெண். அம்மா ரெண்டு மணிநேரம் வெளியே நின்று, வாதாடி, அப்புறம் உள்ளே போயிருக்கிறார். ‘வலிச்சிதா?’ என்று கேட்டேன்.

‘செத்துட்டேன்க்கா. நல்லா கத்துனேன். சிஸ்டர் திட்டுனாங்க. எங்கம்மா, கத்தட்டும் விடும்மா, அவளுக்குத்தான வலிக்குதுன்னு சொல்லிச்சி.’